மேல்மண்

வெண்டைக்காய் பறிக்கத்தான் போனார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டால் முற்றிப் போய்விடும் என்று சாரதா வியாழக்கிழமையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை விடியும்போதே நஞ்சுண்டன் காரில் இரண்டு வாளியும் மண்வெட்டியும் ஏற்றினான். ஐஸ் பெட்டியில் மோர். அரிசிம்பருப்புச் சோறு வைத்த தூக்கு, துண்டில் சுற்றி யாமினியின் காலடியில். எட்டு வயது யாமினி சீட்டில் சாய்ந்ததும் தூங்கிப்போனாள்.

இரண்டாயிரமாவது வருஷம், ஆகஸ்ட் மாதம். ஜூன் கடைசியில் பெய்ததுதான் மழை. பிறகு வானம் வெறும் தகடு. இர்விங்கில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மென்டுக்கு எதிரே ஒரு பேங்க் இருந்தது. அதன் வாசலில் ஓடும் விளக்கெழுத்தில் நூற்றாறு, நூற்றேழு என்று தினமும் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஃப்ரீவேயை விட்டு இறங்கி டென்டன் கவுன்டிக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் புல் வெளுத்து, வைக்கோல் நிறத்தில் கிடந்தது. மாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே மர நிழலில் நின்றன.

அவர்களுடைய ஐந்து ஏக்கர் மண் ரோட்டை ஒட்டி இருந்தது. கறுப்பு மண். வெயிலில் வெடித்த பிளவுக்குள் யாமினியின் கை முழங்கை வரை போகும். வேலியோரத்தில் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி மாதிரி ஒரு முள்மரம். முதல் தடவை அதைப் பார்த்தபோது, "ஏ, இது எங்கூர்க் காடு" என்று நஞ்சுண்டன் கத்தினான். காங்கேயத்துக்குத் தெற்கே அவன் ஊர். அங்கே அவன் அப்பா ஏழு போர் போட்டு ஏழிலும் புகைதான் வந்தது. லாஸ் கொலினாஸில் ஒரு டெலிஃபோன் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் டெஸ்ட் பண்ணுகிறவனுக்கு நிலம் எதற்கு என்று ஆபீஸில் கேட்டார்கள். அவனுக்கு விளக்கத் தெரியவில்லை. இந்த நிலத்தில் போர் போட்ட அன்று முதல் துளையிலேயே தண்ணீர் பீய்ச்சியடித்தது. அவன் சட்டையோடு அதில் நின்றான். அந்த ஃபோட்டோ ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது.

காரை நிறுத்தும்போதே சாரதா பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, அங்க யாரோ குச்சி நட்டு வெச்சிருக்கறாங்களே?"

வடகிழக்கு மூலை. வீடு வரப்போகும் இடம். நான்கு திசைக்கும் நஞ்சுண்டன் கல் நட்டு அளந்து வைத்திருந்தான். அந்தக் கற்களைச் சுற்றி வெளியே, பெரிய சதுரமாக, ஆரஞ்சு நாடா கட்டிய குச்சிகள் நின்றன. நடுவில் மட்டும் ஒரு குச்சியில் நீல நாடா. சாரதா அடுப்பு மேடை என்று காலால் கோடு போட்டிருந்த இடத்திலிருந்து நாலடி தள்ளி.

"கவுன்டிக்காரங்க பைப் கொண்டு வராங்களோ என்னமோ" என்றான் நஞ்சுண்டன். "நல்லதுதான்."

"பைப்புக்கு எதுக்குங்க இத்தன பெரிய சதுரம்?"

பறிப்போம் முதலில் என்று இறங்கினார்கள். நாலு பாத்தி வெண்டை, ரெண்டு பாத்தி தட்டைப்பயறு. சாரதா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் சாக்ஸை மாட்டிக்கொண்டு ஒடித்தாள். நெருப்பெறும்புப் புற்றுகளைத் தாண்டித் தாண்டி யாமினி வாளியைத் தூக்கி வந்தாள். அரை வாளி நிறைவதற்குள் ஒரு வெள்ளை பிக்கப் வண்டி வந்து நின்றது. வைக்கோல் தொப்பி போட்ட ஒருவர் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். தொப்பியைத் தொட்டு சாரதாவுக்கு வணக்கம் சொன்னார். பிறகு மிக மரியாதையாக, இன்னும் மூன்று வாரத்தில் இங்கே கேஸ் கிணறு தோண்டப் போகிறோம் என்றார். ரிக் வரும், லாரிகள் வரும், ரோட்டிலிருந்து ஜல்லிப் பாதை போடுவோம். பயிருக்கு ஏதாவது சேதம் வந்தால் கம்பெனி கொடுக்கும்.

"தப்பான இடத்துக்கு வந்துட்டீங்க" என்று நஞ்சுண்டன் சிரித்தான். "இது என் நிலம்."

"தெரியும் சார். மேல்மண் உங்களுடையது" என்றார் அவர். "கீழே இருக்கிறது உங்களுடையது இல்லை."

வண்டியின் பானெட்மேல் ஒரு காகிதத்தை விரித்தார். குத்தகைப் பத்திரம். கம்பெனிக்குக் கொடுத்தவர் பெயர்: நெடுஞ்செழியன்.

நஞ்சுண்டன் அந்தப் பெயரை ஒரு தடவைக்கு மேல் படித்தான்.

நெடுஞ்செழியன் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். எண்பத்தெட்டிலேயே டெக்சஸுக்கு வந்தவர். தொண்ணூற்றைந்தில் நஞ்சுண்டன் ஒரு பெட்டியோடு விமான நிலையத்தில் வந்து நின்றபோது, யாரோ சொன்ன ஒரு நம்பருக்கு அவன் ஃபோன் பண்ணியதும் வந்து கூட்டிப் போனவர். முதல் மூன்று வாரம் சோறு போட்டார். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். யாமினிக்கு மஞ்சள் காமாலை வந்தபோது ஆஸ்பத்திரியில் இரண்டு இரவு உட்கார்ந்திருந்தார். இருபது ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தவர், அதில் ஐந்தை உனக்குக் கொடுக்கிறேன் என்றபோது நஞ்சுண்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வடகிழக்கு மூலையே நீ எடுத்துக்கோ தம்பி. ஈசானியம். எனக்கு எதுக்கு, புள்ளைக படிச்சுட்டுப் போயிருவாங்க. நீ பண்ணயம் பாக்கறவன்" என்றார் அண்ணன்.

தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் டென்டனில் ஒரு ஆபீஸில் பத்திரம் முடிந்தது. இருபது பக்கம். ஊரில் நிலம் வாங்கும்போது முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிற குடும்பம்தான் அவனுடையது. ஆனால் அண்ணனிடம் வாங்குகிற நிலத்துக்கு அதைக் கேட்பது அசிங்கமாகப் பட்டது. ஒரு பக்கத்தில் மட்டும், விற்பவர் எண்ணெய், வாயு, மற்றத் தாதுக்களைத் தனக்கு வைத்துக்கொள்கிறார் என்று ஒரு வரி இருந்தது.

"இது என்னங்ணா?"

"அது இந்த ஊருப் பத்திரத்துல எல்லாத்துலயும் இருக்கும் தம்பி. சம்பிரதாயம்."

நஞ்சுண்டன் அங்கிருந்த அம்மாளிடம் திரும்பிக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. கீழே இருக்கிற தண்ணீர் யாருடையது? தண்ணீர் உங்களுடையது சார், எவ்வளவு வேண்டுமானாலும் இறைத்துக்கொள்ளலாம் என்றாள் அவள். ஏழு போர் போட்டுத் தோற்றவன் மகனுக்கு அது போதும். மண்ணுக்குக் கீழே தண்ணீரைத் தவிர ஒருவன் ஆசைப்பட இன்னொன்று இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. கையெழுத்துப் போட்டான்.

தொப்பிக்காரர் போன பிறகு நஞ்சுண்டன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனான். அங்கே ராய் ஒரு பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். இவர்களுக்குப் போர் போட்டுக் கொடுத்தவன் ராய்தான். நாற்பத்தைந்து வயது, புகையிலையை ஒரு கன்னத்தில் அடக்கியே பேசுவான்.

"குச்சியைப் பார்த்தேன்" என்றான் ராய். "நட்ட அன்றைக்கே சொல்லலாம் என்று நினைத்தேன். உன் ஃபோன் நம்பர் தொலைந்துவிட்டது."

"என் நிலத்தில் எப்படி என்னைக் கேட்காமல் வர முடியும்?"

ராய் துப்பினான். "டெக்சஸில் நிலம் என்பது இரண்டு அடுக்குக் கேக் மாதிரி. பழைய காலத்தில் மண்ணுக்குள் இருப்பதெல்லாம் ஸ்பெயின் ராஜாவுக்கு. உள்நாட்டுச் சண்டை முடிந்ததும் இந்த ஸ்டேட்தான் அதைக் குடியானவனுக்கே விட்டுக் கொடுத்தது. பெரிய மனசு என்று நினைப்பாய். கொடுத்த மறுநாளிலிருந்தே மேலே ஒருத்தன், கீழே ஒருத்தன் என்று பிரித்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். பருத்தி விலை விழுந்த வருஷமெல்லாம் மேலே இருக்கிறதை விற்றுவிட்டுக் கீழே இருக்கிறதை வைத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போனார்கள். கீழ்ச் சொத்துக்காரன் எடுக்க வந்தால் மேலே இருப்பவன் வழி விட வேண்டும். அதுதான் சட்டம்."

"யாரிடம் புகார் பண்ணுவது?"

"ரயில்ரோடு கமிஷன்."

"ரயில்ரோடா?"

"ரயிலுக்காக ஆரம்பித்த ஆபீஸ். பிறகு எண்ணெய் வந்தது, அதையும் அவர்களிடமே கொடுத்துவிட்டார்கள். ஆஸ்டினுக்கு ஃபோன் பண்ணு. நல்லபடியாகப் பேசுவார்கள். ஒன்றும் நடக்காது."

ராய் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். "அந்த இருபது ஏக்கர் எங்கப்பாவுடையது. தெரியுமா உனக்கு?"

நஞ்சுண்டனுக்குத் தெரியாது.

"எண்பத்தாறில் எண்ணெய் விலை விழுந்தது. எண்ணெயை நம்பிக் கடன் கொடுத்த பேங்கெல்லாம் வரிசையாக மூடின. எங்கப்பா எண்ணெய்க் கிணற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. மாடு வாங்கக் கடன் வாங்கியிருந்தார். பேங்க் மூடினதும் கவர்ன்மென்ட் எல்லாக் கடனையும் சேர்த்து ஏலம் போட்டது. மேல், கீழ் எல்லாம் சேர்த்து அடிமாட்டு விலைக்குப் போனது. வாங்கினவர் உன் சிநேகிதர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் இல்லாவிட்டால் இன்னொருத்தர்."

"அதில் எனக்குப் போர் போட்டுக் கொடுத்தாயே."

"பாறை எங்கே இருக்கிறது என்று எனக்குத்தானே தெரியும்" என்றான் ராய். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஒன்று கேட்கிறேன். நீ ஏன் வீடு கட்டவில்லை? போன வருஷமே கட்டுவதாகச் சொன்னாய். காங்கிரீட் போடுகிறவன்கூட வந்து பார்த்துவிட்டுப் போனான். அங்கே ஏற்கெனவே ஒரு வீடு நின்றிருந்தால் இவர்கள் தள்ளித்தான் போட வேண்டியிருக்கும். ஆள் இருக்கும் வீட்டை இடிக்க இந்த ஊர் கோர்ட் விடாது. காலி இடம் என்பதால்தான் வருகிறார்கள்."

வெட்டுக்கிளி ஒன்று நஞ்சுண்டன் சட்டையில் உட்கார்ந்திருந்தது. அதைத் தட்டிவிடவும் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் தூக்கு திறக்கப்படவே இல்லை. சாரதா மட்டும் பேசிக்கொண்டு வந்தாள்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க. அவுங்க ஆயிரம் காயிதத்துல கையெழுத்துப் போடறவுங்க. எவனாவது நீட்டியிருப்பான், போட்டிருப்பாங்க."

"ம்."

"நாம போய்ச் சொன்னா அவுங்களே ஃபோன் பண்ணி நிறுத்திப்போடுவாங்க. பாருங்க."

"அந்தப் பத்திரத்துல தேதி பாத்தியா?"

"நான் எங்கீங்க பாத்தேன்."

"தொண்ணூத்தெட்டு மார்ச். நமக்கு ஏப்ரல்ல எழுதிக் குடுத்தாரு."

பின் சீட்டிலிருந்து யாமினி, "ஆர் வீ நாட் கெட்டிங் தி ஹவுஸ்?" என்று கேட்டாள். ஏசி சத்தத்தில் கேட்காத மாதிரி இருவரும் இருந்துகொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நெடுஞ்செழியன் வீட்டுக்குப் போனார்கள். அவர் கராஜில் பனியனோடு புல்வெட்டும் மெஷினைக் கவிழ்த்துப் போட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க! என்ன தம்பி, ஃபோன்கூடப் பண்ணல? ஏ தாமரை, யாரு வந்திருக்கறாங்க பாரு. யாமினிக் கண்ணு, உள்ள ஐஸ்கிரீம் இருக்குது, ஓடு."

தாமரைச்செல்வி வாசல்வரை வந்தாள். சாரதாவின் கையிலிருந்த வெண்டைக்காய்ப் பையைப் பார்த்தாள். வாங்கிக்கொள்ளக் கை நீளவில்லை. "வா சாரதா" என்று மட்டும் சொன்னாள். நஞ்சுண்டன் அதைக் கவனித்தான்.

சோபாவில் உட்கார்ந்ததும் நெடுஞ்செழியனே ஆரம்பித்தார்.

"கம்பெனிக்காரன் வந்திருப்பானே. நானே சொல்லோணும்னு இருந்தேன். ஒண்ணும் பயப்படாத. ரெண்டு மாசம் சத்தம் இருக்கும். அப்பறம் ஒரு டாங்க்கும் நாலு பைப்பும்தான். மீதி நாலு ஏக்கர்ல நீ என்ன வேணாப் பண்ணலாம்."

"வீடு அந்த எடத்துலதானுங்ணா."

"கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கோ."

"கேஸ் கெணத்துக்குப் பக்கத்துல புள்ளய வெச்சுட்டு எப்படீங்ணா குடியிருக்கறது? அந்தப் பக்கம் பள்ளம். மழை பேஞ்சா தண்ணி நிக்கும். உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதுக்கு என்ன பண்றது? பூமிக்குள்ள என்ன இருக்குதுன்னு நானா பாத்தேன்? இத்தன வருஷமா அந்தப் பாறைல ஒண்ணும் வராதுன்னு எல்லாருமே விட்டுட்டாங்க. இப்பத்தான் தண்ணியும் மணலும் அடிச்சு ஒடைக்கறானுக, வருது. லாட்டரி மாதிரி. எனக்கு அடிச்சுது."

"தொண்ணூத்தெட்டு மார்ச்லயே குத்தகைக்குக் குடுத்திருக்கறீங்க."

நெடுஞ்செழியன் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாக.

"குடுத்தேன். உன்ற பத்திரத்துலயும் அது இருந்துச்சு. நீ படிச்சுட்டுத்தான கையெழுத்துப் போட்ட? என்னைக் கேட்ட, நானும் சொன்னேன். ஒளிச்சேனா?"

"சம்பிரதாயம்னீங்க."

"சம்பிரதாயந்தான். இந்த ஊர்ல எல்லாரும் பண்றது. என்கிட்ட வித்த கவர்ன்மென்டுக்காரன் கீழ்மண்ண வெச்சுக்கத் தெரியாம வித்தான், நான் வெச்சுக்கிட்டேன். அமெரிக்காவுக்கு வந்து அஞ்சு வருஷம் கழிச்சுக்கூட ஊர் ஞாயம் பேசிட்டிருந்தா எப்படி தம்பி?"

தாமரைச்செல்வி காப்பி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள். நெற்றி வேர்த்திருந்தது.

"சொல்லிப்போடுங்க" என்றாள் புருஷனிடம்.

"என்னத்த?"

"அந்த மேப் விஷயத்த. எனக்கு ரெண்டு வருஷமா நெஞ்சுல முள்ளாட்ட இருக்குது. சாரதா ஒவ்வொரு தடவையும் அடுப்பு இங்க வருங்கா, பூஜ ரூம் அங்க வருங்கான்னு சொல்லும்போதெல்லாம் நான் எந்திரிச்சு உள்ள போயிருவேன். தெரியுமா உங்களுக்கு?"

"தாமரை, நீ உள்ள போ."

"போக மாட்டேன்." அவள் சாரதாவைப் பார்த்தாள். "கம்பெனிக்காரன் மொதல்லயே மேப் கொண்டாந்து காட்டுனான் சாரதா. இருபது ஏக்கருக்கும் சேத்து ஒரே கெணறு போதும், அது ரோட்டோரத்து மேட்டு மூலைலதான் வரும்னு சொன்னான். அதுக்கப்பறந்தான் இவரு அந்த மூலைய விக்கலாம்னாரு. சத்தமும் நாத்தமும் அந்தப் பக்கத்தோட இருக்கும், நம்முளுது சுத்தமாத் தப்பிச்சுக்கும்னு. நான் கேட்டேன், ஏனுங்க அந்தப் பையனுக்கா தர்றீங்கன்னு."

யாமினி உள் அறையில் டிவி போட்டிருந்தாள். கார்ட்டூன் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"வாஸ்து மூலைன்னு சொல்லித்தானுங்ணா குடுத்தீங்க" என்றான் நஞ்சுண்டன். அவன் குரலில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அங்கே எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வாஸ்துவும் உண்மைதான! மேட்டு எடம், ரோட்டோரம், தண்ணி வந்துச்சா இல்லியா? வெளிய ஒருத்தனுக்கு அந்த வெலைக்குக் குடுத்திருப்பனா? உனக்குன்னுதான் கொறச்சுக் குடுத்தேன். அத யாரும் பேச மாட்டீங்க."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். போன வருஷம் காங்கிரீட்காரன் வந்து அளந்துட்டுப் போனான். அன்னிக்குச் சாயங்காலம் நீங்களே வீட்டுக்கு வந்தீங்க. கிரீன் கார்டு வர்ற வரைக்கும் கட்டாத தம்பி, நாளைக்கு வேலை போயி ஊருக்குத் திரும்பற மாதிரி ஆனா வீட்ட என்ன பண்ணுவன்னீங்க. நானும் சாரதாவும் அன்னிக்கு உங்களப் பத்தி எத்தன நேரம் பேசிட்டிருந்தோம் தெரியுமா? சொந்த ஒறம்பரைகூட இப்படிச் சொல்ல மாட்டாங்கன்னு. அது கார்டுக்காகச் சொன்னீங்களா, அந்த மூலை காலியா இருக்கோணும்னு சொன்னீங்களா?"

நெடுஞ்செழியன் காப்பி டம்ளரை எடுத்தார். குடிக்கவில்லை. வெளியே தெருவில் யாரோ ஸ்ப்ரிங்க்ளரைத் திறந்த சத்தம் கேட்டது. தாமரைச்செல்வி தலை குனிந்துகொண்டாள்.

"ரெண்டுந்தான்னு வெச்சுக்கோயேன்" என்றார் கடைசியில்.

சாரதா எழுந்தாள். யாமினியைக் கூப்பிட்டாள். வெண்டைக்காய்ப் பையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். பறித்ததைக் கொண்டுபோய்க் குப்பையில் போட முடியாது. விட்டுவிட்டு வந்தாள்.

அன்றிரவு இர்விங்கில் நஞ்சுண்டனுக்குக் கிணறு நினைவுக்கு வரவில்லை. விமான நிலையத்தில் அண்ணன் தன் ஜெர்கினைக் கழற்றி அவனுக்குப் போட்டுவிட்டதும், ஆஸ்பத்திரி நாற்காலியில் அவர் வாய் திறந்து தூங்கியதும்தான் வந்தன. அவற்றை எந்தக் கணக்கில் வைப்பதென்று தெரியாமல் புரண்டு படுத்தான். திங்கட்கிழமை ஆஸ்டினுக்கு ஃபோன் பண்ணினான். ராய் சொன்ன மாதிரியே நல்லபடியாகப் பேசினார்கள்.

பத்து நாள் கழித்துத் தொப்பிக்காரர் அபார்ட்மென்டுக்கே வந்தார். பயிர் சேதத்துக்கான காகிதத்தில் கையெழுத்து வேண்டும். போடாவிட்டாலும் வேலை நடக்கும், போட்டால் உங்களுக்கு நல்லது என்றார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். மோர் கொடுத்ததும் குடித்து, உதட்டைத் துடைத்து, நன்றாக இருக்கிறது என்றார்.

"நிலத்தில் என்னென்ன இருக்கிறது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும்."

நஞ்சுண்டன் வாயைத் திறப்பதற்குள் சாரதா சமையலறையிலிருந்து வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். வெள்ளைக்காரர் யாரிடமும் அவள் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை.

"யாமினி, இங்க வா. நான் சொல்றத அவருகிட்ட இங்கிலீஷ்ல சொல்லு. வெண்டை நாலு பாத்தி."

"ஃபோர் ரோஸ் ஆஃப் ஓக்ரா."

"தட்டைப்பயறு ரெண்டு."

யாமினிக்கு வார்த்தை தெரியவில்லை. ஜாடியிலிருந்து ஒரு பிடி எடுத்துவந்து காட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. அவர் அம்மாவும் போடுவாளாம். அவர் பேனா ஓடியது.

"போர் ஒண்ணு. வேலி நானும் அப்பாவும் நட்டது, எம்பது கம்பு. கள்ளியெல்லாம் வெட்டுனது நானு. அதயும் சொல்லு. வடகிழக்கு மூலைல பூஜ ரூம்."

"காட்ஸ் ரூம் இஸ் இன் தி கார்னர்" என்றாள் யாமினி.

பேனா நின்றது. "அங்கே வீடு இருக்கிறதா?" என்று அவர் நஞ்சுண்டனைக் கேட்டார். நஞ்சுண்டன் சாரதாவைப் பார்த்தான். அவள் நிறுத்தவில்லை.

"அதுக்குத் தெக்க அடுப்பு. அடுப்புக்கு மேல ஜன்னல், கெழக்க பாத்து. யாமினி ரூமுக்கு ரெண்டு ஜன்னல். வாசல்ல ஒக்காந்து மொளகா காய வெக்க அகலமா ஒரு திட்டு. அவருக்குக் கம்ப்யூட்டர் வெக்க ஒரு சின்ன ரூம். தண்ணி தொட்டி மேல வேண்டாம், கீழயே போதும்."

யாமினி ஒவ்வொன்றையும் சொன்னாள். எல்லாவற்றையும் இருக்கிறது, இருக்கிறது என்றே சொன்னாள். தொப்பிக்காரர் குறுக்கே பேசவில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, சர்ச்சில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி கடைசிவரை கேட்டார். பேனா மெதுவாக அசைந்துகொண்டே இருந்தது. பிறகு காகிதத்தைத் திருப்பி நஞ்சுண்டன் பக்கம் தள்ளினார். அவன் கையெழுத்துப் போட்டான். ஒரு நகலைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, சாரதாவிடம் தனியாகத் தலை குனிந்து விடைபெற்றுப் போனார்.

"நல்ல மனுசன்" என்றாள் சாரதா. "எல்லாத்தயும் எழுதிக்கிட்டாரு. என்ன எழுதியிருக்கறாரு, படிங்க."

நஞ்சுண்டன் நகலை எடுத்துப் பார்த்தான். ஓரத்தில் பேனாவால் சின்னச் சின்ன வட்டங்கள் போட்டிருந்தது, ஒன்றோடு ஒன்று பின்னி, ஃபோன் பேசும்போது மனிதர்கள் கிறுக்குவது மாதிரி. நிலத்தின் தற்போதைய உபயோகம் என்ற கட்டத்துக்குள் ஒரே ஒரு சொல் டைப் அடித்திருந்தது. அவர் இந்த வீட்டுப் படி ஏறுவதற்கு முன்பே அடித்தது.

"என்னங்க?"

"சும்மாக் கெடக்குதாமா" என்றான் அவன்.